மொய் மேசை வாசலில், அடுப்பு கொல்லையில்: வளரும் மாநகராட்சியின் பை ஏன் நிறைவதில்லை?

சென்னை சோழிங்கநல்லூர் சிக்னல் பக்கம் ஏதாவது ஓர் ஓட்டலில் இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி சாப்பிட்டுவிட்டுப் பில்லை வாங்கிப் பாருங்கள். அடியில் இரண்டு வரிகள் இருக்கும். வரி என்ற சொல்லின் இரண்டு பொருளிலும். மத்திய ஜிஎஸ்டி 2.5 சதவீதம், மாநில ஜிஎஸ்டி 2.5 சதவீதம். மூன்றாவது வரி இருக்காது. அந்த ஓட்டல் வாசலைப் பெருக்குகிற, அங்கே சேரும் எச்சில் இலையை அள்ளுகிற, இரவில் தெருவிளக்குப் போடுகிற, ஐப்பசி மழைக்கு முன்னால் வடிகாலைத் தூர்வாருகிற மாநகராட்சிக்கு அந்தப் பில்லில் இடமில்லை.

"இவ்வளவு வரி கட்டுகிறோம், ரோட்டைப் பாருங்கள்" என்பது சென்னையின் மழைக்கால வாக்கியம். நானும் முழங்கால் தண்ணீரில் நின்றபடி பல முறை சொல்லியிருக்கிறேன். கோபம் நியாயமானது. ஆனால் கட்டிய வரி யாரிடம் போனது, அந்த ரோடு யாருடைய பொறுப்பு என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. ஊர் வளர்ந்தால் மாநகராட்சியின் பையும் தானாக வளரும் என்று எண்ணிக்கொள்கிறோம். ஐடி நிறுவனங்கள் வந்தன, மெட்ரோ வந்தது, மனை விலை ஏறியது. பிறகு ஏன் பணமில்லை என்கிறார்கள்? "தின்றுவிட்டார்கள்" என்பதுதான் நம்மிடம் எப்போதும் தயாராக இருக்கும் பதில். ஊழலே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு ரூபாய் கூடத் திருடாத மாநகராட்சியும் வேகமாக வளரும் ஊரில் திணறத்தான் செய்யும் என்கிறேன். ஏன் என்று புரிந்துகொள்ளப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டாம். நாலு கல்யாண வீட்டுக்குப் போய்வந்திருந்தால் போதும்.

கல்யாண வீட்டுக் கணக்கு

மொய் எழுதும் மேசை வாசலில் இருக்கும். பெரியப்பா நோட்டோடு உட்கார்ந்திருப்பார்; பக்கத்தில் ஒருவர் பணத்தை எண்ணி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டிருப்பார். அடுப்பு கொல்லைப்புறத்தில். எதிர்பார்த்ததைவிட நூறு பேர் கூடுதலாக வந்தால் வாசலில் மஞ்சள் பை கனக்கும்; அதே நேரத்தில் கொல்லையில் அரிசி தீர்ந்துபோகும். இன்னொரு மூட்டை வேண்டும் என்று சமையல்காரர் ஆளனுப்புவார். "இருப்பதை வைத்துச் சமாளிக்கச் சொல், பிறகு பார்க்கலாம்" என்று பெரியப்பா சொல்லியனுப்புவார். மூன்றாம் பந்தியில் ரசம் தண்ணீராக இருக்கும். விருந்தாளிகள் திட்டுவது சமையல்காரரைத்தான். மஞ்சள் பை அவர்கள் கண்ணில் படுவதில்லை.

சென்னையின் கணக்கும் இதுதான். ஒரு மென்பொருள் நிறுவனம் பழைய மகாபலிபுரம் சாலையில் ஐயாயிரம் பேரோடு ஓர் அலுவலகம் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐயாயிரம் பேரின் வருமான வரியும் நிறுவனத்தின் லாபத்துக்கான வரியும் டெல்லிக்குப் போகும். அவர்கள் வாங்கும் துணிக்கும் செல்போனுக்கும் உள்ள ஜிஎஸ்டி டெல்லிக்குப் பாதி, கோட்டைக்குப் பாதி. பெட்ரோல் போட்டால் கலால் வரி மத்திய அரசுக்கு, விற்பனை வரி மாநிலத்துக்கு. கார் வாங்கும்போது கட்டுகிறோமே சாலை வரி, அதுவும் மாநிலத்துக்குத்தான். பெயர் சாலை வரி; ஆனால் உங்கள் வீட்டுத் தெருவுக்குத் தார் போடும் மாநகராட்சிக்கு அதிலிருந்து நேராக ஒரு பைசா போகாது.

அந்த ஐயாயிரம் பேரும் குப்பை போடுவார்கள், சாக்கடை வேண்டும் என்பார்கள், நடைபாதை கேட்பார்கள், பிள்ளைகளுக்குப் பூங்கா கேட்பார்கள். அதெல்லாம் கொல்லைப்புற அடுப்பின் வேலை.

அதாவது, ஊர் வளரும்போது வரவில் பெரும்பகுதி மேலே ஏறிப் போகிறது. செலவு கீழேயே தங்கிவிடுகிறது.

பெரியப்பா கொஞ்சம் திருப்பித் தருவார்

மேலே போன பணம் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை. மத்திய அரசு தான் வசூலிக்கும் வரிகளில் மாநிலங்களோடு பகிர வேண்டிய தொகுப்பிலிருந்து 41 சதவீதத்தைப் பிரித்துத் தருகிறது. மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் சுமார் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்குகிறது. யாருக்கு எவ்வளவு என்று சிபாரிசு செய்ய ஐந்தாண்டுக்கு ஒரு முறை அமைக்கப்படும் குழுவுக்கு மாநில நிதி ஆணையம் என்று பெயர்.

அந்தப் பத்து சதவீதத்தை எதிர்பார்த்து நிற்பவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள், ஊராட்சி ஒன்றியங்கள், பேரூராட்சிகள், நகராட்சிகள், இருபதுக்கும் மேற்பட்ட மாநகராட்சிகள். சென்னை அந்த வரிசையில் ஒருவர். ஏழை ஊராட்சிக்கு முதலில் போகட்டும் என்பது நியாயமான வாதம்தான். ஆனால் வரிசையில் நின்று வாங்குகிற பணத்தை நம்பிப் பத்தாண்டுத் திட்டம் போட முடியாது.

1992இல் நிறைவேறி 1993 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கு முதல்முறையாக அரசியல் சட்டத்திலேயே இடம் கொடுத்தது. பன்னிரண்டாவது அட்டவணை என்று ஒன்றைச் சேர்த்து, நகராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய 18 பணிகளை அடுக்கியது. நகரத் திட்டமிடல், சாலை, குடிநீர், சுடுகாடு வரை இருக்கிறது. இந்தப் பணிகளுக்கு இன்னின்ன வரிகள் என்று ஒரு பட்டியல் மட்டும் அதில் இல்லை. வேலையை எழுதியவர்கள் கூலியை எழுதாமல் விட்டுவிட்டார்கள். அதை மாநில அரசின் மனசுக்கு விட்டுவிட்டார்கள்.

ரிப்பன் மாளிகையின் சொந்தப் பை

சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கியது. இந்தியாவிலேயே மூத்த மாநகராட்சி. மூத்த பிள்ளை என்பதால் சொத்து அதிகம் கிடைத்துவிடவில்லை. அதன் சொந்த வருமானத்தில் சொல்லிக்கொள்ளும்படி இருப்பவை மூன்று.

முதலாவது சொத்து வரி. வீடு, கடை, அலுவலகம் என்று கட்டடம் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு இரு முறை கட்டுவது. எப்படிப் போடுகிறார்கள்? உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மாநகராட்சி ஒரு மதிப்புப் போடும். இதுதான் ஆண்டு வாடகை மதிப்பு. வீட்டுக்கு வீடு வந்து விசாரிக்க முடியாது என்பதால், இந்தத் தெருவில் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஓர் அடிப்படை வீதம் வைத்திருப்பார்கள். அதைப் பரப்பளவால் பெருக்கி, அந்த மதிப்பில் குறிப்பிட்ட சதவீதத்தை வரியாக வாங்குவார்கள்.

இங்கேதான் கோளாறு. 1998இல் சென்னையில் இந்த வரியைத் திருத்தினார்கள். அடுத்த திருத்தம் 2018இல். அதையும் எதிர்ப்பு வந்து 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள். உயர்வு நிலைத்தது 2022 ஏப்ரலில்தான். ஒரு வீட்டுக்காரர் 1998இல் நிர்ணயித்த வாடகையை 2022 வரை வாங்கிக்கொண்டிருந்தார் என்று கற்பனை செய்து பாருங்கள். அவர் கூரை ஒழுகுவதைச் சரிசெய்வாரா?

2022 உயர்வு, வீட்டின் பரப்புக்கு ஏற்பச் சிறிய வீட்டுக்கு 50 சதவீதம் முதல் 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 150 சதவீதம் வரை இருந்தது. 2011இல் நகரத்தோடு சேர்ந்த பகுதிகளுக்கு அதைவிடக் குறைவு. எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அன்று கொந்தளிப்பு. இருபத்து நான்கு ஆண்டுகள் உயராமல் இருந்த வரி என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். அவரைக் குழுவிலிருந்தே நீக்கிவிடுவார்கள் போலிருந்தது. இந்த வரிக்கு அப்படியொரு சாபம். ஜிஎஸ்டி இட்லி விலைக்குள் கரைந்து போகிறது, வருமான வரியைச் சம்பளம் கைக்கு வருமுன்பே பிடித்துவிடுகிறார்கள். சொத்து வரியை மட்டும்தான் நாமே உட்கார்ந்து, தொகையைப் பார்த்து, பெருமூச்சு விட்டுக் கட்டுகிறோம். தொகை சிறியது, வலி பெரியது. அதனால் அதில் கைவைக்க எந்த ஆட்சியும் தயங்குகிறது.

இரண்டாவது தொழில் வரி. சம்பளம் வாங்குவோரும் தொழில் செய்வோரும் அரையாண்டுக்கு ஒரு முறை கட்டுவது. ஐடி நகரமாயிற்றே, இதில் கொட்டுமே என்று தோன்றும். கொட்டாது. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்த 2,500 ரூபாய் 1988இல் வைத்தது, இன்றும் அதேதான். சென்னையில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினாலே முழுத்தொகையான 1,250 ரூபாய் விழுந்துவிடும். மாதம் பதினைந்தாயிரம் வாங்கும் காவலாளி கட்டுவதும், அவர் சல்யூட் வைத்து உள்ளே அனுப்பும் மாதம் மூன்று லட்சம் வாங்கும் மேலாளர் கட்டுவதும் ஒரே தொகை. இந்த ஊரின் சம்பளம் எவ்வளவு ஏறினாலும் மாநகராட்சியின் தொழில் வரி அதோடு ஏறாது. ஆள் கூடினால்தான் கூடும்.

மூன்றாவது, மனையோ வீடோ கைமாறும்போது பத்திரப்பதிவில் வசூலாகும் முத்திரைத் தீர்வையில் ஒரு துண்டு. மொத்தம் 7 சதவீதம் கட்டுகிறோம். அதில் 2 சதவீதம் உள்ளாட்சியின் பங்கு. இது வீட்டு விற்பனை சூடாக இருக்கும் ஆண்டில் வரும், மந்தமானால் வற்றும்.

மும்பையைப் பார்த்து ஏங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. மும்பை மாநகராட்சியின் பட்ஜெட் சில சிறிய மாநிலங்களின் பட்ஜெட்டைவிடப் பெரியது. காரணம் நிர்வாகத் திறமை மட்டும் அன்று. ஊருக்குள் நுழையும் சரக்குக்கு ஆக்ட்ராய் என்ற நுழைவு வரியை 2017 வரை அந்த மாநகராட்சியே வசூலித்தது. ஜிஎஸ்டி வந்து அது போனபோது ஈட்டுத்தொகையும் கிடைத்தது. அங்கே மொய் மேசைகளில் ஒன்று கொல்லைப்புறத்திலேயே இருந்தது.

இதுவரை சொன்னதைச் சேர்த்தால்: ஊர் வளரும் வேகத்தில் வளரக்கூடிய வரிகள் மாநகராட்சியிடம் இல்லை. இருப்பவற்றில் ஒன்றை உயர்த்த அரசியல் துணிவு வேண்டும், இன்னொன்றை உயர்த்தச் சட்டத்திலேயே தடை, மூன்றாவது சந்தையின் தயவு.

செலவு முன்னே, வரவு பின்னே

வரவின் கதை இவ்வளவுதான். செலவின் கதைதான் சுவாரசியமானது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வீடு கட்டும்போது சுவரில் மின்சாரக் குழாயைப் பதித்துவிட்டுத்தான் பூசுவார்கள். பூசி, பெயின்ட் அடித்து, பால் காய்ச்சிக் குடிவந்த பிறகு ஒயரிங் செய்ய வேண்டுமென்றால்? சுவரை உடைக்க வேண்டும், மீண்டும் பூச வேண்டும், அந்த நாள்களில் கட்டிலையும் பீரோவையும் தள்ளிக்கொண்டே திரிய வேண்டும். ஊருக்கும் இதே விதிதான். வெறும் மனையாக இருக்கும்போது சாக்கடைக் குழாய் பதிப்பது மண்வெட்டி வேலை. வீடுகள் வந்தபின் பதிப்பது அறுவைச் சிகிச்சை.

சென்னை வளர்ந்ததோ பூசிய பிறகு ஒயரிங் என்ற முறையில்தான். 2011 அக்டோபரில் நகரத்தின் எல்லை ஒரே நாளில் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்தது. ஒன்பது நகராட்சிகள், எட்டுப் பேரூராட்சிகள், இருபத்தைந்து ஊராட்சிகள், ஆக 42 உள்ளாட்சிகள் உள்ளே வந்தன. வார்டு எண்ணிக்கை 155இலிருந்து 200. மக்கள்தொகை அந்த அளவுக்குக் கூடவில்லை. பழைய நகரத்தில் சுமார் 46 லட்சம், விரிந்த நகரத்தில் சுமார் 67 லட்சம். பரப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு, ஆள் ஒன்றரை மடங்குக்கும் குறைவு. வடிகாலும் விளக்கும் குப்பை வண்டியும் பரப்புக்கு ஏற்பத் தேவைப்படும். வரி ஆளுக்கும் கட்டடத்துக்கும் ஏற்ப வரும். திருவல்லிக்கேணியில் ஒரு கிலோமீட்டர் குழாய்க்கு எத்தனை வீடு, புறநகரான சித்தாலப்பாக்கம் போகும் வழியில் எத்தனை வீடு என்று எண்ணிப் பார்த்தாலே போதும்.

உள்ளே வந்த பகுதிகளில் பல இடங்களில் வீடு முதலில் வந்தது, தெரு அடுத்து வந்தது, வடிகால் அதற்கும் பிறகு. பத்தாண்டு கழிந்தும் பாதாளச் சாக்கடை முழுமை பெறாத தெருக்கள் இருந்தன. குழாய் பதித்து, இணைப்புக் கொடுத்து, அதற்கான கட்டணம் வரத் தொடங்கும்போது அந்தச் செலவுக்கு வாங்கிய கடனுக்குப் பல தவணை வட்டி கட்டியாகியிருக்கும். வேகமாக வளரும் ஊர் எப்போதும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது இந்தக் கால இடைவெளியால்தான். நிதானமாக வளரும் ஊருக்கு நேற்றைய குடியிருப்பின் வரி இன்றைய குடியிருப்பின் குழாய்க்கு உதவும். வேகமாக வளரும் ஊரில் நேற்றைய குடியிருப்பைவிட இன்றையது இரண்டு மடங்கு பெரியது.

இன்னொன்றும் உண்டு. புதிதாக வருபவர்கள் விலை மலிந்த நிலத்துக்குத்தான் வருவார்கள். சென்னைக்குத் தெற்கே மலிந்த நிலம் பெரும்பாலும் தாழ்ந்த நிலம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் தென்சென்னையின் ஏரிகளிலிருந்து வழிந்து வரும் வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு மெல்ல அனுப்பிக்கொண்டிருந்தது. சம்பளம் வாங்காத ஊழியர். அதன் ஒரு மூலையில் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு வந்தது. சுற்றிலும் சாலையும் கட்டடமும் வந்தன. மிஞ்சியதை 2022இல், உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். சதுப்புநிலம் இலவசமாகச் செய்துவந்த வேலையைச் செய்யக் கோடிக்கணக்கில் கடன் வாங்கிக் கான்கிரீட் வடிகால் கட்டுகிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்தை இயற்கைச் சீற்றம் என்று மட்டும் படிப்பவர்கள் இந்தப் பற்றுக்கணக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முன்கூட்டியே பணம் திரட்ட வழியே கிடையாதா? உண்டு, ஆலந்தூரில் நடந்தது. அது தனி நகராட்சியாக இருந்த 1990களின் பிற்பகுதியில், பாதாளச் சாக்கடை வேண்டுமென்றால் வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்டுங்கள் என்று நகராட்சி தெருத்தெருவாகக் கேட்டது. அந்தக் காலத்தில் அது பல வீடுகளுக்கு ஒரு மாதச் சம்பளம். மக்கள் கட்டினார்கள். மீதிக்குக் கடனும் மானியமும் வந்தன, சாக்கடையும் வந்தது. இந்தியா முழுவதும் நகராட்சிப் பயிற்சி வகுப்புகளில் இன்றும் இதை எடுத்துச் சொல்கிறார்கள். பணம் எங்கே போகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தால் ஜனங்கள் கொடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அதே ஆலந்தூர்தான் 2011இல் மாநகராட்சிக்குள் வந்தது.

ஒரு தெரு, ஒன்பது முதலாளிகள்

பணம் இருந்தாலும் தீராத ஒரு சிக்கல் இருக்கிறது. சமையல்காரர் ஒருவர் என்று மேலே சொன்னேன். உண்மையில் கொல்லைப்புறத்தில் பலர் இருக்கிறார்கள். சாதத்துக்கு ஒருவர், சாம்பாருக்கு ஒருவர், அப்பளத்துக்கு வேறொருவர். ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசிக்கொள்வதில்லை.

தண்ணீரும் கழிவுநீரும் மாநகராட்சியின் வேலை என்றுதான் பலர் நினைக்கிறோம். 1978 முதல் அது சென்னைக் குடிநீர் வாரியத்தின் வேலை. பஸ் மாநகர் போக்குவரத்துக் கழகம். மின்கம்பி மின்வாரியம். சிக்னல் போக்குவரத்துக் காவல்துறை. ஏரி நீர்வளத்துறை, சதுப்புநிலம் வனத்துறை. மெட்ரோ தூணுக்குத் தனி நிறுவனம். எந்த இடத்தில் எத்தனை மாடி எழும்பலாம் என்று தீர்மானிப்பது சிஎம்டிஏ எனப்படும் பெருநகர வளர்ச்சிக் குழுமம். ஒன்பதாவது ஆளாக மாநகராட்சி: குப்பை, விளக்கு, மழைநீர் வடிகால், உள்தெருக்கள். இவற்றில் மற்ற எட்டும் மாநில அரசின் கையில்; மெட்ரோவில் மட்டும் மத்திய அரசுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் போட்ட தாரின் சூடு ஆறுமுன் இன்னொருவர் வந்து வெட்டுகிறார். போக்குவரத்தையாவது ஒரே குடைக்கீழ் கொண்டுவரலாம் என்று 2010இல் ஓர் ஆணையத்துக்குச் சட்டம் இயற்றினார்கள். அது உட்கார்ந்து முதல் கூட்டம் போடப் பத்தாண்டுக்கு மேல் ஆனது.

இந்த ஒன்பது பேரில் நம் ஓட்டுக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டியவர் மாநகராட்சி மன்றம் மட்டுமே. அதுவும் எப்போதும் இருந்ததில்லை. 1973இல் கலைத்த மன்றத்துக்கு 1996இல்தான் தேர்தல் நடந்தது. இருபத்து மூன்று ஆண்டுகள். மறுபடியும் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை கவுன்சிலரே கிடையாது. வெள்ளத்துக்குப் பிந்தைய ஆண்டுகளும் 2019 வறட்சியும் கொரோனாவும் அந்த இடைவெளிக்குள்தான் வந்தன. சொத்து வரியை நிலைத்த உயர்வாகத் திருத்திய 1998, 2022 இரண்டுமே ஒரு தேர்தலுக்குச் சற்றுப் பின்னால் வருவதைக் கவனியுங்கள். தற்செயலாகவும் இருக்கலாம்.

லாரி வாங்கும் வரி

மக்களிடம் பணமில்லை, அதனால் மாநகராட்சியிடமும் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. காலை ஐந்தரை மணிக்கு எங்கள் குடியிருப்பின் பின்வாசலில் தண்ணீர் லாரி வந்து நிற்கும். காவலாளி சம்ப்பின் மூடியைத் தூக்கி, சுண்ணாம்புக் கோடு போட்ட மூங்கில் கழியை உள்ளே விட்டு நனைந்த உயரத்தைப் பார்ப்பார். லாரிக்காரர் குழாயைச் செருகுவார். முக்கால் மணி நேரம் கழித்து மறுபடியும் கழி. அப்புறம் நோட்டில் கையெழுத்து. அதே வாசலுக்கு வாரத்தில் சில நாள் கழிவுநீர் லாரியும் வரும். உள்ளே வருவதும் வெளியே போவதும் சக்கரத்தின் மேல்தான்.

எங்கள் மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் பெரிய துண்டு இந்த இரண்டு லாரிகளுக்குத்தான் போகிறது. கோடையில் ஒரு மாதத் தண்ணீர்ப் பங்கும் என் அரையாண்டுச் சொத்து வரியும் ஏறக்குறைய ஒரே தொகை. ஜெனரேட்டர் டீசல், தனியார் காவல், குப்பை பிரிக்க வைத்த ஆள் எல்லாம் தனி. இது வரி என்ற பெயரில்லாத வரி. ரசீது இருக்கிறது, கேள்வி கேட்கக் கவுன்சிலர் இல்லை. ஆழ்குழாய் எங்கே போட்டார்கள், கழிவை எந்த ஏரியில் கொட்டினார்கள் என்று கேட்கவும் ஆளில்லை. ஆயிரம் குடியிருப்புகள் தனித்தனியே லாரிக்குக் கொடுப்பதைச் சேர்த்தால் ஒரு குழாய்த் திட்டத்துக்கு எவ்வளவு தேறும் என்று எங்கள் சங்கச் செயலாளர் ஒரு முறை கணக்குப் போடத் தொடங்கினார். பாதியில் அவருக்கே வயிற்றைக் கலக்கியது.

கடன் வாங்கலாமே?

வாங்கலாம். ஐம்பதாண்டு உழைக்கும் குழாய்க்கு இன்றைக்கு இருப்பவர்களே முழுப் பணத்தையும் கட்ட வேண்டியதில்லை. மாநகராட்சி பொதுமக்களிடமும் நிறுவனங்களிடமும் கடன் வாங்க வெளியிடும் ஆவணத்துக்கு நகராட்சிப் பத்திரம் என்று பெயர். மாநில அரசின் உத்தரவாதம் இல்லாமல் 1998இல் அகமதாபாத் வெளியிட்டது. சென்னை 2025இல் சுமார் 200 கோடி ரூபாய்க்கு வெளியிட்டது. கடன் கொடுப்பவர் பார்ப்பது ஒன்றுதான்: ஒவ்வோர் ஆண்டும் நிச்சயமாக வரும் வருமானம் எவ்வளவு? 2022 உயர்வுக்குப் பிறகு சென்னையின் சொத்து வரி வசூல் ஆண்டுக்கு 1,500 கோடி ரூபாயைத் தாண்டியது. மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மதிப்பீடு 63,246 கோடி. ஆண்டுக்கு 1,500 கோடி வீதம் வைத்தால், வேறு எதற்கும் ஒரு காசு செலவழிக்காமல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சேர்க்க வேண்டும். அதனால் பெரிய வேலைகள் எல்லாம் மேலிருந்துதான் வருகின்றன. பணம் தருபவர் எங்கே, எப்போது என்பதையும் அவரே தீர்மானிக்கிறார்.

மெட்ரோ வருகிறது என்ற அறிவிப்பு வந்த அன்றே பக்கத்து மனையின் விலை ஏறுகிறதே, அந்த ஏற்றம் யாருக்கு? இப்போதைக்கு மனைக்காரருக்கு. பொதுப்பணத்தால் உயர்ந்த நில மதிப்பில் ஒரு பங்கைப் பொதுப்பைக்கே திருப்புவதை மதிப்பு மீட்பு என்பார்கள். சில நாடுகளில் ரயில் பாதைகளுக்கே அப்படித்தான் பணம் திரட்டினார்கள். இங்கே அதைக் கருத்தரங்குகளில் நன்றாகப் பேசுகிறோம்.

பகுதி சபையில் ஒரு மாலை

2022 முதல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்துப் பகுதி சபை என்று கூட்டம் நடத்துகிறார்கள். கிராமசபையின் நகரத்துத் தம்பி. எங்கள் பகுதியில் ஷாமியானா போட்டு, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். பாதிக்கு மேல் காலி. ஓய்வுபெற்ற ஒருவர் எழுந்து, காலையில் பஸ் நாற்பது நிமிடத்துக்கு ஒன்றுதான் வருகிறது என்றார். கவுன்சிலர் இளம்பெண், குறித்துக்கொண்டு, "போக்குவரத்துக் கழகத்துக்கு எழுதுகிறேன் ஐயா" என்றார். குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று ஓர் அம்மா கேட்டார். "வாரியத்திடம் கேட்டுச் சொல்கிறேன் அம்மா." தொங்கும் மின்கம்பி, வேலை செய்யாத சிக்னல், ஏரிக்கரையில் கொட்டும் கட்டட இடிபாடு. ஒவ்வொன்றுக்கும் அவர் எழுத வேண்டிய அலுவலகத்தின் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. நோட்டில் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது.

கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு பையன், முனைத் தெருவில் மூன்று விளக்கு எரியவில்லை, டியூஷன் முடிந்து வரும்போது நாய் தெரியவில்லை என்றான். கவுன்சிலர் நிமிர்ந்து பார்த்து, முதல்முறையாகச் சிரித்தார். "அது எங்களுடையதுதான் தம்பி" என்றார்.

மூன்றாம் நாள் இரவு விளக்குகள் எரிந்தன.